கரடி உறுமிய நிமிடம்

சத்தமாக வாசிக்கும் பரீட்சைக்கு எங்கள் பள்ளியில் அமைதியான இடம் ஒன்றே ஒன்றுதான்: குளிர் கோட்டுகள் தொங்கும் அறை. ஜனவரிக் கடைசியில் அங்கே எட்டிப் பார்த்தால் ஈரக் கோட்டுகளுக்கு அடியில் பூட்ஸ் கால்கள் மட்டும் தெரியும். மேலே, கோட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு டேப்லெட்டுக்குக் கதை வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

கேட்பது டேப்லெட் திரையில் வரும் ஒரு கார்ட்டூன் நீர்நாய். கண்ணாடி போட்டது. ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாக வாசித்தார்கள் என்று எண்ணும். எழுபது வந்தால் பச்சை. வாலால் தாளம் போடும். வராவிட்டால் மஞ்சள். மூன்று முறை வாசிக்கலாம், ஆனால் மூன்றாவதுதான் செல்லும். மஞ்சள் வாங்கியவர்கள் மார்ச் வரை வியாழக்கிழமைதோறும் கடைசி மணி நேரம் கால்லியோ டீச்சரின் வாசிப்பு அறைக்குப் போக வேண்டும். அதே நேரத்தில் மற்றவர்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பனித்தளத்தில் சறுக்குவார்கள். மார்ச்சில் பனி உருகிவிடும். ஆகவே மினசோட்டாவின் இந்த வடகோடியில் மஞ்சள் என்றால் ஒரு குளிர்காலமே போயிற்று என்று அர்த்தம்.

மாரென் இரண்டு முறை வாசித்துவிட்டாள். ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து. அவளுடைய அக்காவின் ஸ்கேட் காலணி அவளுக்குப் பொருந்தியதே இந்த வருடம்தான்.

தப்பு என்னுடையது. கதை வாசித்துக் காட்டும் ஆசையில்தான் நான் வாத்தியாராகவே வந்தேன். இது என் முதல் வருடம். என் வகுப்பில் காற்று ஊளையிடும், கதவு கிறீச்சிடும், சூப் உறிஞ்சப்படும். அதையெல்லாம் என்னைவிட நன்றாகச் செய்பவள் மாரென். பரீட்சைக் கதையில் கரடி விழித்துக்கொள்ளும் இடத்தில் அவள் நின்று, அதற்காக ஒரு நீளக் கொட்டாவி விடுவாள். கொட்டாவியை நீர்நாய் எண்ணுவதில்லை.

"கொட்டாவி விடாம வாசிடி, எழுபது வரும்," என்றான் பக்கத்துக் கோட்டுக்குள்ளிருந்து ஏனார். "நான் மூச்சே விடல. தொண்ணூத்தொண்ணு."

"கதையில என்ன ஆச்சு?" என்று மாரென் கேட்டாள்.

"கதையா? அதுல கதை வேற இருந்துச்சா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனார், வாசிக்கிறது ஓட்டப்பந்தயம் இல்லப்பா. நல்லா வாசிச்சா நீர்நாயும் கேக்கும்."

"அப்ப நீங்க வாசிச்சுக் காட்டுங்க சார்."

"கொடு இங்க."

கைக்குக் கிடைத்தது மாரெனின் டேப்லெட். "சார், அது…" என்று ஆரம்பித்தாள். பெரிய நடிகனைப் போலக் கையை உயர்த்தி அவளை நிறுத்தினேன். கொட்டாவி விட்டேன். முனகினேன். குகைக்குள் காலடி கேட்டதும் கரடியாகவே மாறி, கோட்டுகள் ஆடும்படி உறுமினேன். முடித்துவிட்டுப் பிள்ளைகளைப் பெருமையோடு பார்த்தேன்.

நாற்பத்தொன்பது.

நீர்நாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டது. 'நல்ல முயற்சி, மாரென்! மார்ச்சில் சந்திப்போம்!'

 பக்கத்துக் கோட்டுக்குள்ளிருந்து ஏனாரின் குரல், "சார் மஞ்சள்," என்றது.

மாரென் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "ரெண்டு சாக்ஸ் போட்டா காலணி சரியா இருக்கு சார்," என்று சொல்லிவிட்டு டேப்லெட்டைச் சார்ஜ் பெட்டியில் வைக்கப் போனாள்.

மதியம் கால்லியோ டீச்சரிடம் ஓடினேன். தன் அறையில் காட்டரிசி சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாரெனோட மூணாவது வாசிப்பை நான் வாசிச்சுக் கெடுத்துட்டேன். திரும்பத் திறக்க வழியே இல்லையா டீச்சர்?"

"கம்பெனிக்கு எழுதணும். எழுதினா அந்த நீர்நாய்தான் பதில் போடும்." ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நீர்நாய் சேமித்து வைத்திருந்த அந்த மூன்றாவது பதிவை ஓடவிட்டார். கரண்டி பாதியில் நின்றது. "ஏம்ப்பா ஹாகன், இதுல மாரெனோட குரல் எங்க? ஜலதோஷமா?"

"அது நான்."

முதலிலிருந்து மறுபடி கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தேவைக்கு மேல் ரசித்துச் சிரித்தபடி.

"'கரடி உறுமியது'ன்னு இருக்குற இடத்துல நீ உறுமிட்டுப் போயிட்ட. அந்த ரெண்டு சொல்லையும் வாசிக்கவே இல்ல. 'மெதுவாக' எங்க? அதையும் முழுங்கிட்ட. நீர்நாய் மேல தப்பே இல்லப்பா."

அடுத்து மாரெனின் இரண்டு பதிவுகளையும் கேட்டார். இந்த முறை சிரிக்கவில்லை. "இவளும் உறுமுறா. ஆனா உறுமிட்டு, சொல்லையும் வாசிக்கிறா. ஒண்ணுகூட விடல."

மாரெனை வரச்சொல்லி, அவள் பார்த்தேயிராத ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். அவள் நாலு பக்கம் வாசித்தாள். அதில் வரும் வாத்துக்கு என்ன கோபம் என்று டீச்சர் கேட்டதற்கு, வாத்தின் பக்கத்து நியாயத்தையும் நரியின் பக்கத்து நியாயத்தையும் பத்து நிமிடம் விளக்கினாள். அவளை அனுப்பிவிட்டு டீச்சர் சொன்னார்: "இவளுக்கு என் அறையில வேலை இல்ல. பனிக்குப் போகட்டும்."

"மஞ்சள்னு பதிவாயிருக்கே?"

"மஞ்சள் வாங்கினவங்க வரட்டும். குரல் யாரோடது?"

அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். "நான் இங்க வந்தா பனித்தளத்துல பிள்ளைங்கள யாரு பாத்துக்கறது?"

"நீ அதக் கேப்பேன்னுதான் காத்திருந்தேன்." சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி ஸ்கேட் காலணியை இழுத்தார். அடியிலிருந்த கத்தி அன்றைக்குத் தீட்டியதுபோல மின்னியது. "இருபத்திரண்டு வருஷமா வியாழக்கிழமை பனியை இந்த ஜன்னல் வழியாத்தான் பாக்கறேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

எனவே வியாழக்கிழமை நான் வாசிப்பு அறையில், காதுவரை முழங்கால் வந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு மூன்று மஞ்சள் பிள்ளைகள். டீச்சர் எழுதி வைத்துவிட்டுப் போன பாடத்தை முடித்ததும், அவர்கள் என் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். என் பேரில் புதுக் கணக்கே தொடங்கியிருந்தார்கள்.

"சார், உறுமாதீங்க," என்றாள் சோல்வெய்க். மூவரில் அவள்தான் கண்டிப்பானவள். "உறுமிச்சுன்னு வாசிங்க."

"ரெண்டும் செய்யறேனே?"

"உங்களுக்கு இன்னும் அது வராது சார். மொதல்ல வாசிங்க."

வாசித்தேன். அறுபத்துமூன்று. நீர்நாய் யோசனையாகத் தலையைச் சொறிந்தது. இரண்டாவது முறை தொடங்கினேன்.

ஜன்னலுக்கு வெளியே கால்லியோ டீச்சர் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டு போனார். அவரைத் துரத்திய ஏனார் தடுமாறி விழுந்தான். இரண்டு சாக்ஸ் போட்ட மாரென் அவனைச் சுற்றிக்கொண்டு நேராக எங்கள் ஜன்னலுக்கு வந்தாள். கண்ணாடியில் மூக்கை ஒட்டி வாயைப் பெரிதாகத் திறந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடி மட்டும் வட்டமாக வெளுத்தது. எந்தக் கரடி என்று எனக்குத் தெரியும்.

"சார், வெளிய பாக்காதீங்க," என்றாள் சோல்வெய்க். "நிமிஷம் ஓடிட்டிருக்கு."