கண்ணாடிக்கு வெளியே ஒரு கை

பதினோரு வருடங்களாக உடற்கூற்றியல் வகுப்பில் சட்டையில்லாமல் மேசைமேல் உட்காருவது நான்தான். ஆய்வுக்கூட உதவியாளன் நான். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் நானே பாடம். பேராசிரியை என் கையில் தசையைச் சிவப்பிலும், அதை எலும்போடு கட்டும் நாணை நீலத்திலும் வரைவார். "தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது" என்று அவர் ஆரம்பிக்கும்போதே நான் முழங்கையை மடக்கிவிடுவேன்.

ஒரு செவ்வாயன்று அவருடைய பென்சில் பாதியில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே, கயிற்றில் தொங்கியபடி என் மச்சினன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். என் கையில் வரைந்தால்தான் தசை தெரியும். அவன் கையில் வரையவே வேண்டாம்.

"யாருங்க அது?"

"என் வீட்டுக்காரி தம்பி" என்றேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் பேராசிரியை அவனையும் வரவழைத்தார்; மேசையில் இரண்டு பேர். அவனை முந்திவிடலாம் என்று வகுப்புக்கு முன் சாமான் அறையில் நாற்பது தண்டால் எடுத்திருந்தேன். கை புடைத்தது என்னவோ உண்மை. தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடிக்கச் சொன்னதும் வெடவெடவென்று ஆடியது.

"பாருங்க, களைச்ச தசை இப்படித்தான் நடுங்கும்" என்றார் பேராசிரியை, சந்தோஷமாக. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

"என்ன மாமா, அக்கா துணி துவைக்க விட்டுட்டாளா?" என்றான் அவன். வகுப்பே சிரித்தது.

"வாயை மூடிட்டு நேரா உட்காருடா."

கடைசியில் எங்கள் இருவரையும் கைகோத்துப் பலம் பார்க்கச் சொன்னார். "இடது கையால எதிராளியோட மேல்கையைப் பிடிச்சுக்கங்க. எது இறுகுதுன்னு அப்புறம் சொல்லணும்."

"ஜெயிக்கிறவரையே இனி வச்சுக்கலாம் மேடம்" என்றாள் ஒரு மாணவி. பேராசிரியை சரி என்று தலையாட்டினார்.

எடுத்த எடுப்பிலேயே அவன் என் கையைப் பாதி சாய்த்துவிட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவன் கை மெல்லச் சரிந்து மேசையைத் தொட்டது. கைதட்டினார்கள்.

தோற்கிற கை கடைசிவரை கல்லாக இருக்கும். என் விரல்களுக்குள் அவனுடைய தசை பஞ்சுபோல் கிடந்தது. தோற்றிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

"சொல்லுங்க, அவர் கையில எது இறுகுச்சு?" என்றார் பேராசிரியை.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பைசெப்ஸ், மேடம். இரும்பு மாதிரி இருந்துச்சு" என்றேன்.

அதற்கடுத்த செவ்வாய், மேசை எனக்கே. வகுப்பு தொடங்குமுன் ஜன்னல் திரையை நானே இழுத்து மூடினேன். அதற்குப் பின்னால் கண்ணாடியில் துணி கீச்சிடும் சத்தம் கேட்டது. பேராசிரியை பென்சிலோடு திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் முழங்கையை மடக்கியபடி காத்திருந்தேன்.