கர்னல் வந்தால் எழுந்திருக்கும் கால்

பட்டாளத்தாரின் இடது காலுக்குள் மூன்று தகட்டுத் துண்டுகள் இருந்தன. எல்லையில் வண்டிக்கு அடியில் வெடித்த கண்ணிவெடியின் மிச்சம். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்தவை, அரசாங்கத்தின் கண்ணில் மட்டும் பத்து வருஷமாகத் தட்டுப்படவில்லை. முதல் மனுவுக்கு, ‘வயதினால் வரும் தேய்மானம்’ என்று பதில் வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. இரண்டாவது மனுவோடு கோப்பே காணாமல் போனது. இது கடைசி மேல்முறையீடு; மருத்துவக் குழு நேரில் பார்த்து முடிவு சொல்லும். இதிலும் கைவிரித்துவிட்டால் ஊனத்துக்கான ஓய்வூதியம் என்ற பேச்சே கிடையாது.

அதனால் அவர் மனைவி ஒரு மாதமாகச் சமையல்கட்டிலேயே மருத்துவக் குழு நடத்தினாள். அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, கரண்டியால் முட்டியைத் தட்டிக் கேள்வி கேட்டாள்.

“எவ்வளவு நேரம் நிக்க முடியும்?”

“சமாளிச்சுக்குவேன்.”

“நாசமாப் போச்சு! முடியாததை முடியாதுன்னு சொல்ல இவ்வளவு கூச்சமா? பொய்யா சொல்லச் சொல்றேன்?”

“சரிடி.”

“டாக்டர்கிட்டயும் சரிடின்னு சொல்லி வைக்காதீங்க.”

குழு கூடிய அலுவலகம் பதினோரு படிகளுக்கு மேலே இருந்தது. ‘வீரர்களே, இது உங்கள் இல்லம்’ என்று வாசலில் பித்தளையில் பொறித்திருந்தார்கள். படிக்குக் கைப்பிடி இல்லை. பித்தளை அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தோள் கொடுத்து ஏற்றிவிட்ட மனைவியைக் குமாஸ்தா வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

உள்ளே ஒரு இளம் டாக்டர். பட்டாளத்தார் பாடம் பிசகாமல் ஒப்பித்தார். “கம்பு இல்லாம எந்திரிக்கவே முடியாதுங்க.” டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து, தலையாட்டிக்கொண்டே எழுதினார். பாதி கிணறு தாண்டியாயிற்று.

கதவு திறந்தது. குழுத் தலைவர் கர்னல் வந்தார். சண்டை நடந்த வருஷங்களில் சீருடைக் கிடங்கைக் காத்தவர். அதற்கு வாங்கிய பதக்கங்கள் தொப்பையின் சரிவில் சாய்ந்து கிடந்தன.

பட்டாளத்தாரின் உடம்பு அவரைக் கேட்கவில்லை. கம்பு தரையில் உருண்டது. குதிகால் இரண்டும் ஒட்டின, நெஞ்சு நிமிர்ந்தது. நடந்தது இன்னதென்று அவருக்கு உறைத்தபோது கை நெற்றியில் இருந்தது, காலுக்குள் தீ எரிந்தது.

“பாத்தீங்களா டாக்டர்? இப்படி ஒரு சல்யூட் பாத்து எத்தனை வருஷமாச்சு!” கர்னல் ஆற அமர ரசித்துவிட்டுக் கோப்பை இழுத்தார். “என்னய்யா இது, கம்பு இல்லாம எந்திரிக்க முடியாதுன்னு எழுதியிருக்கு?”

“ஐயா, அது... பழக்கதோஷங்க.”

“நல்ல பழக்கம்யா. விட்டுடாத.”

டாக்டர் தலை நிமிராமல், எழுதியதை அடித்தார். ‘உதவியின்றி எழுந்து நின்றார்’ என்று மேலே எழுதினார். கர்னல் கையெழுத்துப் போட்டார்.

கர்னல் உள்ளே போவதைப் பார்த்திருந்த மனைவிக்கு, வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

“எந்திரிச்சீங்களா?”

“கர்னல் ரொம்பப் பெருமைப்பட்டாரு.”

இரண்டாவது படியில் கால் மடங்கி அவர் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே குமாஸ்தா ஓடிவந்தார்.

“ஐயா, படியில உட்காரக் கூடாது. வழிய விட்டு எந்திரிங்க.”

மனைவி திரும்பினாள்.

“போய் உங்க கர்னலக் கூட்டிட்டு வாங்க. அவரு வந்தாத்தான் எந்திரிப்பாரு.”