பாதியில் நின்ற பட்டை

"மார்ச் 12, புதன். இன்றைய தவறு: ரெக்கார்டரில் இருந்த பதிவை நகல் எடுப்பதற்கு முன்பே அதற்கு அப்டேட் போடத் தொடங்கினேன். வரிசை மாறிவிட்டது. சிறிய தவறுதான்."

எழுதி முடித்ததும் 'சிறிய' என்பதை அடித்தாள். அடித்த பிறகும் அந்த வரி யோக்கியமாகத் தெரியவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு, மேசைமேல் கிடந்த ரெக்கார்டரைப் பார்த்தாள். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். மேலே பூசியிருந்த ரப்பர் இளகிப் பிசுபிசுவென்று ஆகி வெகுநாளாயிற்று. சலவைக்கூடத்துப் பஞ்சுத் தூசி முழுக்க அதில் ஒட்டி, மழித்து இரண்டு நாளான முகம் போல இருந்தது. தொட்ட விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். சின்னத் திரையில் ஒரு பட்டை பாதிவரை நிரம்பி, மதியத்திலிருந்து அப்படியே நின்றது.

அவள் வேலை செய்வது ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் கூடத்தின் அலுவலகத்தில். கூட்டங்களில் பேசுவதைக் குறிப்பெடுப்பது அவள் வேலை. எதையும் எழுதி வைத்துக்கொள்வதால் கூடத்தில் எல்லாரும் அவளை 'நோட்டு' என்றே கூப்பிட்டார்கள். மாலையில் கணினி பழுதுபார்க்கும் வகுப்புக்குப் போகிறாள். பாடத்தைப் பதிவு செய்ய வாங்கிய ரெக்கார்டரை, ஒரு வார்த்தைகூட விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் அலுவலகக் கூட்டங்களுக்கும் எடுத்துப் போய் மேசை நடுவில் வைப்பாள். யாரும் அதைச் சட்டை செய்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு, நீராவி இஸ்திரி இயந்திரத்தில் வேலை செய்யும் அக்காவின் வலது கை உருளைக்குள் போய்விட்டது. உருளைக்கு முன்னால் இருக்க வேண்டிய மூடி அன்று இல்லை. மறுநாள் கூட்டத்தில் மேனேஜர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "மூடி இருந்தா வேலை ஓடாதுப்பா. நான்தான் கழட்டச் சொன்னேன். இப்ப என்னாங்கற? ஏ நோட்டு, அத எழுதாத." அவள் பேனா நின்றது. குறிப்பில் அந்த வரி கிடையாது. ரெக்கார்டரில் இருந்தது. அதை அக்காவிடம் சொல்லியிருந்தாள். நாளை பத்து மணிக்கு விசாரணை. அக்காவே மூடியைக் கழற்றினாள் என்று முடிவானால் வேலை போய்விடும். கையும் போன பிறகு வேறு எவன் வேலை கொடுப்பான்?

மதியச் சாப்பாட்டு நேரத்தில், மேனேஜர் வெளியே போயிருந்தபோது, நகல் எடுக்கத்தான் கருவியைக் கணினியில் செருகினாள். 'புதிய அப்டேட் உள்ளது' என்று திரையில் வந்தது. எந்தக் கருவியானாலும் முதலில் அப்டேட், பிறகு வேலை என்பது வகுப்பின் முதல் பாடம். நல்ல மாணவியாக 'சரி'யை அமுக்கினாள். பட்டை பாதி நிரம்பியபோது மாடிப்படியில் மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது. ஒயரை அலுவலகக் கணினியிலேயே விட்டு, கருவியை மட்டும் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். டைரியில் எழுதாமல் விட்டது இதைத்தான்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணனின் தாடி டிரிம்மருக்கு வந்த ஒயரை எடுத்தாள். அதன் முனையில் வெட்டிய மயிர்த்துணுக்குகள் சிக்கியிருந்தன. வாயால் ஊதினாள், பறந்து உதட்டில் ஒட்டின. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். செருகினாள். பாட்டரி குறி மின்னியது, கணினியோ கருவியைக் கண்டுகொள்ளவில்லை. வேறு துளையில் போட்டாள். கணினியை அணைத்துப் போட்டாள். ஒவ்வொன்றையும் எண் போட்டு எழுதிக்கொண்டே போனாள். ஏழாவதாக, கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினாள்.

"பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும் மேடம். குண்டூசிய விட்டுப் பத்து செகண்ட் அமுக்குங்க. புதுசு மாதிரி ஆயிடும்."

"உள்ள இருக்கற பதிவு?"

"அது போயிடும் மேடம். வேற எதாச்சும் உதவி வேணுமா?"

எதிர்முனையில் இருந்தவன் தேன் குரலில் நன்றி சொல்லி வைத்தான்.

அண்ணன் கட்டிலில் படுத்துச் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். அதே கூடத்தின் வேனை ஓட்டுகிறவன் அவன். "அவன்தான் வழி சொல்லிட்டான்ல? அமுக்கித் தொலை," என்றான்.

"அமுக்கினா அக்கா கதி?"

"நம்ம கதிய யாரு பாக்கறது? நாளைக்கே மேனேஜர் வேன் சாவிய வாங்கிட்டு என்னைய அனுப்பிடுவான். நீ வேணும்னா பண்ணின? மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லு. உன் மேல ஒரு பய குத்தம் சொல்ல மாட்டான்."

அப்போது இஸ்திரி அக்காவின் அழைப்பு வந்தது. "சாப்டியாம்மா? தொந்தரவு பண்றேன்னு நெனைக்காத. அந்தப் பதிவு பத்திரமா இருக்குல்ல? கட்டுப் பிரிச்சாங்க இன்னிக்கி. ரெண்டு வெரலு மடங்கவே மாட்டேங்குது. பொட்டுகூட இடது கையாலதான் வெக்கறேன், புருவத்துக்கு மேல போயி நிக்குது," என்று சிரித்தாள்.

"இருக்குக்கா," என்றாள் அவள்.

வைத்த பிறகு குண்டூசியைத் தேடி எடுத்தாள். வெறுமனே பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டாள். ஊசி முனையை ஓட்டையருகே கொண்டுபோனபோது நெஞ்சிலிருந்து பாரம் இறங்கி லேசாக இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்தாற்போன்ற லேசு. அந்த லேசை அடையாளம் கண்டதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வாயில் அழுக்குத்துணியைத் திணித்தாற்போல. ஊசியைத் தூர எறிந்தாள். பதிவில் இருப்பது மேனேஜர் குரல் மட்டும் இல்லையே. 'அத எழுதாத' என்றதற்கு அடுத்து ஒரு குரல் 'சரி சார்' என்று சொல்லும். நாளை அந்த அறையில் எல்லார் காதிலும் அது விழும், அக்கா காதிலும்.

நோட்டைத் திறந்து ஏழு வரிகளையும் மறுபடி படித்தாள். துளை, கணினி, பாட்டரி எல்லாம் இருந்தன. ஒயர் இல்லை. எந்தப் பழுதானாலும் முதலில் ஒயரை மாற்றிப் பார் என்று வகுப்பில் நூறு தடவை சொல்லியிருந்தார்கள். அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மறந்ததா, மறந்துபோக விட்டதா? அவளுக்கே தெரியவில்லை.

அண்ணனின் செல்போனில் கறுப்பு ஒயர் செருகியிருந்தது.

"இந்த டிரிம்மர் ஒயர்ல ஃபைலெல்லாம் போகாம கரண்டு மட்டுந்தான் போகுமா?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா."

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ரெண்டு மணி நேரமா இங்க நாயா அலையறேன், பாத்துட்டே படுத்திருந்தியா?"

"நீதானே படிச்சவ. கேட்டியா எங்கிட்ட?"

கேட்கவில்லை. அவனைக் கரித்துக்கொட்ட வாய் வரைக்கும் வந்த வார்த்தைகள் அங்கேயே நின்றுவிட்டன. எந்த வார்த்தையை எடுத்தாலும் அது பாதி அவளுக்கும் பொருந்தியது. அவன் செல்போனிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். "ஏய், பதினோரு பர்சென்ட்டுதாண்டி இருக்கு!" என்று கத்தினான்.

ரெக்கார்டரில் செருகியதும் கணினி மணியோசை எழுப்பியது. 'அப்டேட்டைத் தொடரவா?' என்று கேட்டது. வேண்டாம் என்றாள். கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. முதலில் நகல் எடுத்தாள். அப்புறம் இன்னொரு நகல். பிறகுதான் காதில் மாட்டிக் கேட்டாள். டீயை உறிஞ்சும் சத்தம்கூட அச்சாகக் கேட்டது. 'ஏ நோட்டு, அத எழுதாத.' அடுத்து அந்தக் குரல், அவளுடையது. இத்தனை நாள் தயங்கித்தான் சொன்னோம் என்று நினைத்திருந்தாள். தயக்கமே இல்லை. டீ வேண்டுமா என்று கேட்டால் சொல்கிற மாதிரிச் சுறுசுறுப்பான, இனிப்பான 'சரி சார்'. மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதே இனிப்பு. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நிமிட வேலை. சுட்டியின்மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களில் ரப்பர் பிசினும் பஞ்சும் ஒட்டியிருந்தன. தேய்க்கத் தேய்க்கக் கறுப்பாக உருண்டு உருண்டு வந்தன.

அண்ணன் புரண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் டைரியை எடுத்து, மதியம் செருப்புச் சத்தம் கேட்டுப் பிடுங்கியதை எழுதினாள். ஒயரைப் பற்றி எழுதினாள். பிறகு ஒரு வரி இடம் விட்டாள்.

"நாளை: ஒன்பது மணிக்கு இஸ்திரி அக்கா வீடு. விசாரணைக்கு முன்பே முழுப் பதிவையும் அக்காவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது."