அலை இல்லாத கடல்

அலையே இல்லாத கடல் ஒன்றைத் தேடி என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அத்தனை நொட்டை சொல்லியிருக்க மாட்டார்கள். கோர்பக்கானில் அலை அடிக்கிறது, வேண்டாம். மம்சார் பூங்காவில் கடல் சாதுதான், ஆனால் வாட்டர் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் கலக்கிவிடுகிறார்கள், வேண்டாம். ஜெபல் அலிப் பக்கம் தூரத்தில் கப்பல் போனால்கூடக் கரையில் தண்ணீர் ஆடுகிறது, அதுவும் வேண்டாம்.

அவர் பெயர் தேவசுந்தரம். ஷார்ஜாவில் ஏசி டெக்னீஷியன். பிறந்து வளர்ந்தது குளச்சல் பக்கத்துக் கடற்கரை, அப்பா கட்டுமரக்காரர். மற்ற விஷயங்களில் நான் சொன்னால் கொஞ்சமாவது காது கொடுப்பார். கடல் என்று வந்துவிட்டால் போதும், மனிதருக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

இத்தனை தேடலும் எங்கள் மகள் சுபிஷாவுக்காக. அவளுக்கு ஏழு வயது. இரண்டு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு நானும் அவளும் ஊருக்குப் போயிருந்தோம். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக்கு லேசாகக் காய்ச்சல் இருந்ததால் நாத்தனாரிடம் விட்டுவிட்டு நான் பூசைக்குப் போனேன். அன்றைக்குத்தான் சுனாமி வந்தது. நாத்தனாரைக் கடல் கொண்டுபோய்விட்டது. பிள்ளையை அடுத்த தெரு மாடிப்படியில் யாரோ கண்டெடுத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். உடம்பெல்லாம் சேறு.

அன்று என்ன நடந்தது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சின்னப் பிள்ளை, மறந்திருக்கும் என்று நான் வேலை செய்கிற கிளினிக் டாக்டர் சொன்னார். நர்ஸான நானே அதை வேத வாக்காகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவள் தொட்டியில் இறங்கிக் குளிக்க மாட்டாள், பக்கெட்டில் மொண்டு ஊற்றினால்தான் குளிப்பாள். கடலோரச் சாலையான கார்னிஷ் வழியாக வண்டி போனால் மட்டும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, கடலை விட்டுக் கண்ணை எடுக்காமல் வருவாள். அது ஆசை என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார்.

"மீன்காரன் பேத்தி கடலைக் கண்டு பயந்தா எப்பிடி? ஒரு ராத்திரி கடக்கரையில கூடாரம் போட்டுப் படுத்தா எல்லாம் சரியாவும். அலை மட்டும் இருக்கக்கூடாது."

நோன்புப் பெருநாள் லீவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவர் என் பெயரைக் கூவிக்கொண்டு துள்ளி வந்தார். "கண்டுபிடிச்சாச்சு இன்பம்! உம்முல் குவைன் தாண்டி, உள்ள வாங்கின கடல். தட்டுல ஊத்தி வச்ச மாதிரி கெடக்கு."

ஷார்ஜா ரோலாவில் எங்கள் ஃபிளாட்டில் ஒரு அறையில் நாங்கள், இன்னொரு அறையில் டெனிஷும் அவன் மனைவி சுசீலாவும், தவழ ஆரம்பித்த அவர்கள் மகனும். அவர்களும் எங்கள் ஊர்ப்பக்கம்தான். நானும் சுசீலாவும் நெய்மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தபோது டெனிஷ் சிரித்தான். "ஊர்ல சொன்னா நம்ப மாட்டாவ அண்ணே. ரூம்ல ஏசி ஓடுது, நாம மணல்ல போய்ப் படுக்க பிளான் போடுதோம்."

கரி, கூடாரம், ஐஸ் பெட்டி, கொசு மருந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து என்று எதையும் விடவில்லை. திட்டம் போடுவதில் என் வீட்டுக்காரரை யாரும் குறை சொல்ல முடியாது.

காலையில் டெனிஷின் பிக்கப்பில் போய்ச் சேர்ந்தோம். உண்மையிலேயே அப்படி ஒரு கடலை நான் பார்த்ததில்லை. அரை மைல் வரைக்கும் வெறும் ஈர மணல், அதற்கு அப்பால் அசையாத தண்ணீர். தண்ணீர் வற்றிக் கெட்டியாகக் கிடந்த ஒரு பள்ளத்தைக் கடந்து ஒரு மணல் மேட்டில் வண்டியை நிறுத்திப் பக்கத்திலேயே கூடாரம் போட்டோம். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டார்.

எங்கள் ஊரில் கடலைக் காதால்தான் பார்ப்பார்கள். விடியுமுன் ஆண்கள் கரையில் நின்று அலை உடைகிற சத்தத்தைக் கேட்டுத்தான் வள்ளம் இறக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அடுப்படியில் நிற்கிற பெண்களுக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

"கேட்டியா? ஒரு சத்தம் இல்ல," என்றார் கண்ணைத் திறந்து. "இது கடலே இல்ல, குளம்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. நானும் அந்தக் கரையில் பிறந்தவள்தானே.

சுபிஷா தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. கூடாரத்து வாசலில் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். முன்னால் மணலில் ஒரு குச்சியை நட்டு வைத்திருந்தாள். விளையாடுகிறாள் என்று சந்தோஷப்பட்டோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுசீலாவின் குழந்தை கூடாரத்துக்குள் தூங்கியது. கரிப்புகை குழந்தைக்கு ஆகாது என்று பள்ளத்தைத் திரும்பத் தாண்டி, கரைப் பக்கம் ஒரு மணல் திட்டுக்குப் பின்னால் அடுப்பை மூட்டினோம். குழந்தையை விட்டு வர சுசீலாவுக்கு மனசு கேட்கவில்லை.

"நான் பாத்துக்கிடுதேன் ஆன்ட்டி," என்றாள் சுபிஷா.

"கூப்பிட்டா கேக்கித தூரம்தான், வா," என்று நான்தான் சுசீலாவை இழுத்துக்கொண்டு வந்தேன்.

மீன் பாதி வெந்திருக்கும். தட்டு எடுத்து வருகிறேன் என்று திட்டைத் தாண்டிப் போன சுசீலா அலறினாள். ஓடிப் போய்ப் பார்த்தோம்.

பள்ளம் இல்லை. காலையில் வண்டி ஓட்டிக் கடந்த இடம் முழுக்கத் தண்ணீர். முன்னால் வற்றிக் கிடந்த கடல் ஏறி, பின்னால் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. அலை இல்லை, நுரை இல்லை, சத்தம் சுத்தமாக இல்லை. நடுவில் எங்கள் கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நனைந்துகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் மீன் திருப்புகிற கரண்டியோடு அப்படியே நின்றார். கடலோடு பிறந்த மனிதர், மரம் மாதிரி நின்றார். "சத்தமே கேக்கலியே," என்றார். "சத்தமே கேக்கலியே இன்பம்." நான் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்த பிறகுதான் குதித்தார். டெனிஷ் அதற்குள் பாதி தூரம் போயிருந்தான். நானும் இறங்கினேன். அடியில் சேறு காலைப் பிடித்து இழுத்தது, நடுப்பள்ளத்தில் தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. ஜெபம்கூட வாயில் வரவில்லை.

டெனிஷ் கூடாரத்தைக் கிழித்துத் திறந்தான். உள்ளே பாய் மிதந்தது. குழந்தை இல்லை, சுபிஷாவும் இல்லை.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? டெனிஷ் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினான். கரையில் சுசீலா மண்ணில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டாள். நான் பைத்தியக்காரி மாதிரி ஒரு சின்னச் செருப்பைத் தேடினேன்.

"அம்மா," என்று சத்தம் வந்தது. கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்ன மாதிரி.

பிக்கப்பின் பின்தட்டில், கரையிலிருந்து தெரியாதபடி முன்கூடு மறைத்த இடத்தில், ஐஸ் பெட்டியின் மேல் சுபிஷா உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, என் துப்பட்டாவால் அவள் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. பால் பாட்டில் பக்கத்தில் இருந்தது. வண்டிச் சக்கரம் பாதிக்கு மேல் முங்கியிருந்தது. அவள் முகம் கடலைப் பார்த்தே இருந்தது. அழுத அடையாளம் எதுவும் இல்லை.

டெனிஷ் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். என் வீட்டுக்காரர் வண்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"எப்பம் மக்ளே தண்ணி வந்துது?"

"மெதுவா வந்துச்சுப்பா. குச்சி முங்கிச்சு. அப்பறம் கூடாரத்துக் கயிறு. அப்பதான் தம்பியைத் தூக்கிட்டு இங்க ஏறிட்டேன்."

"எல்லாம் பாத்துட்டேவா இருந்த?" அவர் குரல் உடைந்தது, கோபமும் வந்தது. "ஒரு சத்தம் போட்டிருக்கப்பிடாதா? நாங்க அங்கனதான நின்னோம்! கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்போம்லா!"

சுபிஷா அப்போதுதான் கடலை விட்டுக் கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"ஊர்ல கூப்பிட்டேன்லப்பா," என்றாள். "அத்தை கை விட்டுப் போச்சு. அப்பறம் அம்மா அம்மான்னு கூப்பிட்டேன். ரொம்ப நேரம் கூப்பிட்டேன். யாருமே வரல." கொஞ்சம் யோசித்தாள். "அதான் இன்னைக்கு நானே ஏறிட்டேன்."

மறந்திருக்கும், மறந்திருக்கும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவள் இரண்டு காலையும் கட்டிப் பிடித்தேன்.

"கூப்பிடு மக்ளே," என்று கெஞ்சினேன். "இப்பம் கூப்பிடு. ஒரே ஒரு வாட்டி கூப்பிடு. அம்மா வாறேன்."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நீதான் இங்கயே நிக்கியேம்மா," என்றாள்.