ஆஸ்பத்திரிக்கு வந்த ஆபீஸ் லேப்டாப்

அப்பாவுக்குப் பதினொரு மணிக்கு ஆபரேஷன். அதற்குள் வெளிநாட்டில் இருக்கும் மகனையும், பிறந்து பத்தே நாளான பேரனையும் பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். "போன்ல எறும்பு மாதிரி தெரியறாங்கம்மா" என்று அலுத்துக்கொண்டதால், மகள் தன் ஆபீஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வைஃபை பிடித்தது. ஆனால் எதுவும் திறக்கவில்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தாள், அதே கதைதான். ஆபீஸ் டெக்னீஷியனைக் கூப்பிட்டாள். அங்கே எல்லாருக்கும் அவர் 'வயர்' அண்ணன்.

"ஆபீஸ் நெட்வொர்க் நம்பரை நான் அந்த லேப்டாப்புல கையால போட்டு வச்சிருக்கேன்மா. வெளிய அது செல்லாக் காசு. செட்டிங்ஸைத் திறங்க."

தேடித் திறந்தாள். எந்தக் கட்டத்தை அழிப்பது, எதைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றுவது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பத்தரைக்கு ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

"ரெண்டு நிமிஷம் பொறுங்களேன்" என்றாள்.

"டாக்டர் காத்திருக்காரும்மா" என்றார் தள்ள வந்தவர்.

"விடும்மா, திரும்பி வந்து பெரிசாவே பாத்துக்கறேன். அவன் எங்க போயிடப் போறான்" என்று அப்பாவே சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் இணைப்பு வந்தது. திரை நிறையத் தம்பி, அவன் நெஞ்சில் குழந்தை. "அப்பா எங்கக்கா?" காலிக் கட்டிலைக் காட்ட மனம் வராமல் லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் பாதியிலேயே அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது.

மூன்று வாரம் கழித்து அவள் வேலைக்குப் போன அன்று, வயர் அண்ணன் லேப்டாப்பை வாங்கி 'ஆபீஸ்', 'வெளியே' என்று இரண்டு பெயரில் செட்டிங் போட்டுக் கொடுத்தார். ஒரு தட்டு தட்டினால் மாறிவிடும்.

"முன்னாடியே பண்ணியிருக்கணும். யாரும் கேக்கலையேன்னு இருந்துட்டேன்" என்றார், முகம் பார்க்காமல்.

"எனக்கும் கேக்கத் தோணலையேண்ணா."

தம்பியிடம், 'சீக்கிரமே கூட்டிட்டுப் போயிட்டாங்க' என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டினாள்.

"அப்பா ரொம்ப எதிர்பார்த்தாராக்கா?" என்றான் அவன்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"காலையில எழுந்ததும் ஷேவ் பண்ணிவிடச் சொன்னாருடா. தாடியப் பாத்தா குழந்தை பயந்துடும்னு."

எதிர்முனையில் குழந்தை அழ ஆரம்பித்தது. அதைத் தூக்க அவன் எழுந்த மாதிரி தெரியவில்லை.