ஒரு பிள்ளைக்கு இரண்டு படிவம்

"உங்களுக்கு ரெட்டைப் பிள்ளைங்களா?" மழலையர் பள்ளி ஆசிரியை இரண்டு படிவங்களையும் அருகருகே வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான் மேடம்," என்றாள் அம்மா. அந்த ஒரே மகள், மூன்று வயதுக்காரி, அதற்குள் நாற்காலி மேல் ஏறி விளக்கு ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவும் அப்பாவும் தனித்தனியாக நிரப்ப வேண்டிய படிவம். 'குழந்தையின் சுபாவம்' என்ற இடத்தில் அம்மா, 'ஒரு நிமிஷம் உட்காராது, சொன்ன பேச்சுக் கேட்காது' என்று எழுதியிருந்தாள். அப்பா எழுதியது: 'பரம சாது. இருக்கிற இடமே தெரியாது.'

"ரெண்டு பேரும் பேசி, திங்கக்கிழமை ஒரே ஃபாரமா கொண்டு வாங்க."

அதே திங்கட்கிழமைதான் அம்மா துணிக்கடையில் தையல் வேலைக்குச் சேர வேண்டும். பள்ளியில் இடமில்லை என்றால் வேலையும் இல்லை. ஆனால் கணவனோடு தெருவில் இறங்கியதும் அவளுக்கு வலித்தது வேறு.

"பரம சாதுவாம்! எந்த வீட்டுப் பிள்ளையப் பத்தி எழுதினீங்க?"

"தினம் என் மடியில படுத்துக்கிட்டு சட்டை பட்டனை எண்ணுமே, அதப் பத்தி."

"அப்போ என்கிட்ட மட்டும்தான் இந்த ஆட்டமா? எனக்குத்தான் வளர்க்கத் தெரியலையா?"

அவள் கண் கலங்கியதைப் பார்த்து அவன் கேலியை நிறுத்திக்கொண்டான். பேருந்து ஓட்டுநர் அவன். விடியும் முன் கிளம்பி, மாலை நாலு மணிக்கு வருவான். அவன் உள்ளே வந்ததும் அவள் தைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல நான் பார்த்துக்கறேன். சாயங்காலம் நீ எங்ககூட உக்காரு."

ஞாயிறு பதினோரு மணிக்கே தையல் அறைக் கதவு தட்டப்பட்டது. அவன் காதில் சோப்பு நுரை, காலில் ஒற்றைச் செருப்பு.

"எத்தனை டிராஃபிக்ல வண்டி ஓட்டியிருக்கேன், இப்படி மூச்சு வாங்கினதில்ல. இதத் தினமும் ஒத்தையாவா சமாளிக்கிற?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று!

மாலையில் தையலை எடுக்காமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓடி ஓய்ந்த மகள் அப்பா மடியில் விழுந்து எண்ணத் தொடங்கினாள்.

"ஒண்ணு, ரெண்டு, நாலு..."

"மூணு எங்கடி?" என்றான் அப்பா.

"அது தூங்குது."

சொல்லிவிட்டு ஒரு காலை நீட்டி அம்மாவின் மடியில் போட்டுக்கொண்டாள். அம்மா அசையவே இல்லை.

"இப்படி ஒரு நேரம் இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க."

"பகலெல்லாம் நீ ஓட விட்ட களைப்பு. நான் அதைச் சாதுன்னு நெனச்சுட்டேன்." அவன் படிவத்தை எடுத்தான். "'சொன்ன பேச்சுக் கேட்காது'. அடிச்சிடவா?"

"பாதி கேக்கும்னு போடுங்க."

திங்கட்கிழமை ஆசிரியை அதைப் படித்துவிட்டு, முற்றத்துக் கதவைத் திறந்தார். "இங்க காலை முழுக்க வெளி விளையாட்டுதான். வா கண்ணு."

மகள் பறந்தாள். 'ஓடாதே' என்பது அம்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பார்த்து ஓடு!" என்றாள்.