பிஷ்கேக்கிலிருந்து ஓஷுக்கு முக்கால் மணி நேரம்

கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கேக்கில் விமான டிக்கெட் விற்கும் கடையில் ஜிபாராவுக்கு ஆறு வருட வேலை. ஓஷ் எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும் தலையைத் தூக்காமலே சொல்வாள்: "வானத்துல முந்நூறு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். ரோட்டுல அறுநூறுக்கு மேல, பன்னிரண்டு மணி நேரம். மலை சும்மா விடாது."

சிலர் வந்து, "ஊர்ல அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலையாம்" என்பார்கள். அவர்களிடம் மட்டும் எதுவும் கேட்கமாட்டாள். அடுத்த விமானத்தில் இடம் போட்டுக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சாவைப் போனில் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. தூரத்தில் இருப்பவர் தனியாக இடிந்துபோகக் கூடாதாம். பொய் சொல்லி வரவழைத்து, பிடித்துக்கொள்ள நாலு பேர் இருக்கும்போதுதான் உடைப்பார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியான ஜிபாராவுக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலை ஏழு மணிக்கு, ஓஷிலிருந்து அண்ணன் மிர்லான் கூப்பிட்டான்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல. வந்துட்டுப் போ."

பத்து மணி விமானத்தில் மூன்று இடம் காலி என்பது அவளுக்குத் தெரியும். நேரே சந்தைக்குப் போய் வாடகைக் காரில் ஏறினாள்.

"பிளேன் டிக்கெட் விக்கறவளே என் வண்டியில ஏறினா, நான் இனிமே குதிரையிலதான் போகணும்" என்று சிரித்தார் அவளை முன்பே தெரிந்த ஓட்டுநர் கைரத். பாட்டு அலறியது. முதல் கணவாயில் ஏறும்போதுதான், "ஊர்ல என்னம்மா விசேஷம்?" என்று கேட்டார்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல."

கைரத் பாட்டை நிறுத்தினார்.

"ஏன் நிறுத்தினீங்க? போடுங்க."

"இருக்கட்டும்மா."

"போடுங்கன்னு சொல்றேன். காய்ச்சல்தான் அவருக்கு."

அவர் போடவில்லை. எப்போதும் மீன் சாப்பிட நிறுத்தும் இடத்திலும் நிறுத்தவில்லை. பின்னால் இருந்த மற்ற இரண்டு பயணிகளும் பசிக்கிறது என்று வாய் திறக்கவில்லை. அந்த மரியாதைக்காக அவர்கள் மூவரையும் அறையலாம் போலிருந்தது ஜிபாராவுக்கு.

ஓஷில் வீட்டுத் தெருவுக்குள் வண்டி திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் ஆண்கள் துக்கத்துக்கு அடையாளமாக இடுப்பில் துணி கட்டி வரிசையாக நின்றிருந்தார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. பார்ப்பதென்றால் வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும்.

"எப்ப எடுத்தீங்க?"

"நாலு மணிக்கு" என்றான் மிர்லான். "மத்தியானமே எடுக்கணும்னு பெரியவங்க கத்தினாங்க. நான்தான் விடல. நீ பிளேன்ல வந்துடுவேன்னு முகத்தை மூடாம வச்சிருந்தேன். என்ன ஜிபாரா, உனக்குப் புரியாதா? ஆறு வருஷமா இதே பேச்சுக்குத்தானே டிக்கெட் போடற?"

"புரிஞ்சதுண்ணா."

"அப்புறம் ஏன்?"

"பிளேன்ல ஏறியிருந்தா முக்கால் மணி நேரத்துல செத்திருப்பாரு." என்றாள் ஜிபாரா. "ரோட்டுல இந்தத் தெருமுனை வரைக்கும் காய்ச்சலோட படுத்திருந்தாரு."

உள்ளேயிருந்து பெண்களின் ஒப்பாரி கிளம்பியது. அவளைப் பிடித்துக்கொள்ள நாலு பேர் ஓடி வந்தார்கள். நால்வரின் கையையும் தட்டிவிட்டு, அப்பாவைக் கிடத்தியிருந்த அறைக்குள் போனாள். விரிப்பைக்கூடச் சுருட்டி வைத்துவிட்டிருந்தார்கள்.